ஏணியின் நான்காம் படி

அத்தியாயம் 11

சின்னவள் போன வாரம் கொல்லைக் கதவிடுக்கில் நின்று பார்த்ததை நீங்களும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். தெருவே 'ஏணிக்காரர்' என்று கூப்பிடுகிற அவள் கணவன், சுவரில் சாய்த்த ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தபடி அரை மணி நேரம் அப்படியே நின்றான். இடது கால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. பிறகு காலை எடுத்துக்கொண்டான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு நோட்டம் விட்டான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கால்வலி இன்னும் விடவில்லை என்றுதான் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வேலை நெருக்கடியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் எழுத்து மாட்டும்போது விழுந்து ஒடிந்த கால். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. கூடாமல் இருப்பது வேறு என்னவோ.

சின்னவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம்கூட.

மழை மாதங்களில் அந்தப் பெயர்ப்பலகைப் பட்டறைக்கே வேறு முகம் வந்துவிடும்.

மழை விட்டு வெயில் ஏறியதும் ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கடை திறக்கத் தோன்றும். இருக்கிற கடைக்காரர்களுக்கும் தங்கள் பலகை திடீரென்று கிழடு தட்டிவிட்டதாகப் படும். பட்டறையில் ஏழு பேர் நிற்க இடமில்லாமல் நிற்பார்கள். வெட்டும் மெஷின் மூச்சு விடாது. நின்றுகொண்டே சாப்பாடு. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், 'எந்த அளவுல? என்ன கலர்ல?' என்று கேட்கிற அளவுக்குத் தலை சுற்றும்.

மழை இறங்கியதும் எல்லாம் ஓய்ந்துவிடும். மழையில் யார் பலகை மாட்டுவார்கள்? பசை பிடிக்காது. காற்று தகரத்தைப் பிய்க்கும். ஒயருக்குள் தண்ணீர் இறங்கும். மாட்டுகிற ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். இந்த வருஷம் இரண்டு பேர் வீடுகளுக்கு உள்பக்கம் வெள்ளையடிக்கப் போனார்கள். ஒருவர் லாரி ஓட்டப் போய்விட்டார். மிச்சம் நாலு பேர், வீட்டு ஆட்கள் மட்டும்: பெரியவர், அவர் மனைவி, அவர் தம்பி ஏணிக்காரன், தம்பி மனைவி சின்னவள்.

அந்த மாதங்கள் சின்னவளுக்குப் பிடிக்கும். இதை வெளியே சொன்னால் பெரியவர் முறைப்பார். ஆனால் பிடிக்கும்.

தவறாக வெட்டிய எழுத்துக்கள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். கால் நீண்டுபோன ஒரு 'கு'. முதுகு கோணிய ஒரு 'ழ'. தகரக் கூரையில் மழை ஒரே சுதியில் பெய்துகொண்டிருக்க, மத்தியானத்தில் அவள் பொதி கட்டும் பஞ்சு ஷீட்டை விரித்துப் படுத்துக்கொள்வாள். கண் செருகும் நேரத்தில் எழுத்துக்கள் மெல்ல அசையும். மீன் தொட்டிக்குள் படுத்திருப்பதுபோல இருக்கும். எந்தச் சொல்லிலும் சேராத எழுத்துக்கள், எந்த அவசரமும் இல்லாமல், அவள் தலைக்கு மேல் நீந்திப் போகும்.

"சின்னவளே, தூங்கிட்டியா?" என்பாள் அக்கா.

அக்கா என்றால் பெரியவரின் மனைவி, சின்னவளின் ஓரகத்தி. மடியில் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, மெய்யெழுத்துகளுக்கு வைக்கிற புள்ளிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். பட்டறையில் அடிக்கடி தொலைவது அந்தப் புள்ளிகள்தான்.

"இல்லக்கா, சும்மா கண்ணை மூடிருக்கேன்."

"மூடிக்கோ, மூடிக்கோ. நான் மட்டும் புள்ளி பொறுக்கறேன். கோலம் போடற அளவுக்குச் சேர்ந்துடுச்சு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு பேச்சே இருக்காது. மழை மட்டும்தான்.

*

அன்றைக்கு விடியும்போது மழை இல்லை. நாலு நாளுக்குப் பிறகு வானம் வெறும் சாம்பலாக, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது.

பெரியவர் டீ குடிக்காமலே கிளம்பினார். எப்போதும் இடுப்பில் தொங்கும் இஞ்ச் டேப்பு அன்றைக்கு இல்லை. அது இல்லாமல் பார்க்க, சட்டை பொத்தான் போடாதவர்போல இருந்தார்.

"பக்கத்து ஊர் வரைக்கும் போறேன். ராத்திரிக்குள்ள வந்துருவேன்" என்றார் பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல்.

அவர் தலை மறைந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அகலமான தோள், முழங்கை வரை மாவு. தெருவின் மேட்டில் ரொட்டிக்கடை போடுகிறவள்.

"என் போர்டு எங்கே?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"ரெடியாதான் இருக்கு. மழை விட்டதும் மாட்டிடலாம்னு மாமா சொன்னாரு" என்றாள் சின்னவள்.

"மழை விட்டாச்சு. மேலே பாருங்க."

"இன்னிக்கேவா?"

"நாளைக்குக் காலைல கடை திறக்கறேன். அடுப்பு மூட்டியாச்சு. மாவைப் புளிக்கப் போட்டாச்சு. அது உங்க மாமாவுக்காகவெல்லாம் காத்துக்கிட்டு இருக்காது, பொங்கி வெளியே வந்துடும்."

"மழை மாசத்துல யாருங்க கடை திறப்பாங்க?" அக்கா உள்ளேயிருந்து கேட்டாள். குரலில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம்தான்.

"மழை மாசத்துலதாம்மா சூடா ரொட்டி திங்கணும்னு மனுஷனுக்குத் தோணும். நீங்க படுத்துக்கற மாசம் நான் ஓடற மாசம். வெயில் வந்தா நான் படுத்துக்குவேன், நீங்க ஓடுவீங்க." அவள் சுவரோரம் நின்ற எழுத்துக்களைப் பார்த்தாள். "இதுல எது என்னோடது?"

சின்னவள் துணியை விலக்கிக் காட்டினாள். மேசைமேல் ஐந்து எழுத்துகள் மல்லாந்து கிடந்தன. இளஞ்சூடு. ஒவ்வொன்றும் முழங்கை உயரம், உள்ளே விளக்கு. அந்த வளைவுகளைச் சின்னவள்தான் வரைந்தாள். 'சூ'வின் வாலை மட்டும் மூன்று நாள் மாற்றி மாற்றி வரைந்தாள். மழை மாதம் என்பதால் அதற்கு நேரம் கிடைத்தது.

ரொட்டிக்கடைக்காரி மேசையருகே வந்தாள். மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது என் பேரு மாதிரியே இருக்கு" என்றாள் கடைசியில். அது அவளுடைய பெயர் இல்லை. ஆனாலும் சின்னவளுக்கு அவள் சொன்னது புரிந்தது.

சட்டமும் ஒயரும் போன வாரமே பெரியவர் வெல்டரை வைத்து முடித்திருந்தார். எழுத்துக்களை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. ஒரு மத்தியான வேலை. ஆனால் ஏறுவதற்கு ஆள்?

பின்கட்டிலிருந்து ஏணிக்காரன் வந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரி அவனைப் பார்த்தாள். அக்கா அவனைப் பார்த்தாள். சின்னவள் மட்டும் மேசையைப் பார்த்தாள்.

"கால் இன்னும்..." என்று ஆரம்பித்தான்.

"நான் ஏர்றேன்" என்றாள் சின்னவள்.

"நீயா?"

"எழுத்து வரையத் தெரியும், வெட்டத் தெரியும். நட்டு முடுக்கத் தெரியாதா? நீங்க கீழே நின்னு சொல்லுங்க."

 அவன் ஏணியை எடுக்கப் போனான். அவன் முகத்தில் வந்தது நிம்மதியா அவமானமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே கிண்ணத்தில் கலந்த பெயின்டுபோல இருந்தது.

"நீங்களும் வாங்களேன்க்கா. ஒரு கைக்கு ஆகும்."

"தலையை வலிக்குதுடி" என்றாள் அக்கா. டின்னை மூடி வைத்துவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டாள். "நீங்க போயிட்டு வாங்க. நிதானமா வாங்க, ஒண்ணும் அவசரமில்லே."

*

தெரு மேட்டில் நின்று பார்க்கும்போது ஏணி பட்டறையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு நீண்டுவிட்டதுபோல இருந்தது.

ஏணிக்காரன் பெல்ட்டை அவள் இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டினான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவையும் கொக்கிக்கே கையைக் கொண்டுபோனான்.

"போதும், விடுங்க. மூச்சு முட்டுது."

"மேலே போனதும் முதல்ல இந்தக் கொக்கியைச் சட்டத்துல மாட்டு. அப்புறம்தான் மத்ததெல்லாம். கீழே பாக்காதே. கையில இருக்கற நட்டை மட்டும் பாரு."

"சரி."

"கால் வெரலால படியைப் பிடிச்சுக்கோ, கிளி மாதிரி."

"சரிங்கறேன்ல."

அவள் ஏறினாள். ஐந்தாவது படியில் காற்று வேறாக இருந்தது. எட்டாவது படியில் தெருச் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போனது. பத்தாவது படியில் நின்று கொக்கியை மாட்டினாள். சட்டம் முகத்துக்கு நேரே, மழையில் குளித்து ஜில்லென்று இருந்தது. கொக்கி பிடித்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கயிற்றில் கட்டிய துணிப்பையில் ஒவ்வொரு எழுத்தாக அவன் அனுப்பினான். அவள் இழுத்து எடுத்து, பின்பக்கத்து போல்ட்டுகளைத் துளையில் நுழைத்து, நட்டைப் போட்டு முடுக்கினாள். 'இ' போனது. 'ள' போனது. கையில் வேலை ஏறியதும் பயம் எங்கோ இறங்கிவிட்டது. நட்டு, ஒயர், டேப்பு. நட்டு, ஒயர், டேப்பு. பாதித் தூக்கத்தில் பூத் தொடுப்பதுபோல.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள், 'ஞ'வைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமலே.

"கேளு."

"அன்னிக்கு விழுந்தீங்களே. ரொம்ப வலிச்சுதா?"

 ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான் என்பது படியின் வழியாக அவள் பாதத்துக்குத் தெரிந்தது.

"வலி தரைக்கு வந்தப்புறம்தானே. அதுக்கு முன்னாடி ஒரு நொடி இருக்கு பாரு... கையை நீட்டறேன், பிடிக்க ஒண்ணுமே இல்லே. அது ரொம்ப நீளமா இருந்துச்சு."

"ம்."

"ராத்திரி கனவுல தினமும் அதே இடந்தான். இன்னும் தரைக்கு வந்து சேரலே."

அவள் நட்டை முடுக்குவதை நிறுத்தினாள். நாலு மாதமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவன் தூக்கத்தில் கையைத் துழாவும்போதெல்லாம் போர்வையைத் தேடுகிறான் என்று நினைத்து இழுத்துவிட்டிருக்கிறாள்.

"கால் எப்பவோ சரியாயிடுச்சு" என்றான்.

"தெரியும்."

"தெரியுமா?"

"கொல்லைல பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மா இருந்தியா?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஸ்பேனர் நழுவுது, கொஞ்சம் ஏணியை இறுக்கிப் பிடிங்க."

இறுக்கிப் பிடித்தான்.

'சூ' கனமாக இருந்தது. வால் இரண்டு தரம் அவள் கன்னத்தில் இடித்தது. 'டு'வையும் மாட்டி முடித்து, பையை விடும்போது கயிறும் அவள் கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்து பாம்புபோலச் சுருண்டது. போகட்டும், வேலைதான் முடிந்ததே என்று நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கேயோ இடித்தது. மறுபடி படித்தாள். இளஞசூடு.

"அய்யய்யோ, புள்ளி!"

ஏணிக்காரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கேதான் இருந்தது, தொலையக்கூடாதென்று பத்திரமாக வைத்த புள்ளி. எலுமிச்சம்பழ அளவு, பின்னால் ஒரே ஒரு போல்ட்டு, ஒரு துண்டு ஒயர்.

"தூக்கிப் போடுங்களேன்" என்றாள், அதுவரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரி.

"உடைஞ்சுடும்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"நான் இறங்கி வந்து வாங்கிக்கறேன்" என்றாள் சின்னவள். கொக்கியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

"வேண்டாம். இரு."

அவன் குரல் வேறாக இருந்தது. அவள் முதன்முறையாகக் கீழே பார்த்தாள்.

அவன் ரொட்டிக்கடைக்காரியிடம் திரும்பினான். "கொஞ்சம் ஏணியைப் பிடிக்கறீங்களா?"

"மாவு பிசையற கை இது. பிடிச்சா பிடிச்சதுதான்" என்று அவள் காலை அகட்டி நின்று பிடித்தாள்.

அவன் புள்ளியை வாயில் கவ்வ முடியாமல், மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வலது காலை முதல் படியில் வைத்தான்.  கொல்லையில் பார்த்த அதே கால், அதே நிற்றல். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. ஈரத் தரையில் சக்கரம் கிழிக்கும் ஓசை தூரத்தில் போய்க் கரைந்தது.

இடது கால் தரையை விட்டு எழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் கண்ணை மூடிக்கொண்டான். உதடு ஏதோ எண்ணியது. நான்காவது படி. அங்கே நின்றுவிட்டான். ஏணி முழுக்க அவன் நடுக்கம் ஓடி, அவள் உள்ளங்காலில் மெல்ல இரைந்தது.

"இதுக்கு மேல முடியாது" என்றான்.

"வேணாம். அங்கேயே இருங்க. கையை மட்டும் நீட்டுங்க."

ஒரு கையால் ஏணியைக் கட்டிக்கொண்டு, மறு கையால் பையிலிருந்து புள்ளியை எடுத்து உயர்த்தினான். அவள் சட்டத்தைப் பிடித்தபடி, பெல்ட்டில் உடம்பைத் தொங்கவிட்டு, முழங்காலை மடக்கிக் குனிந்தாள். இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல். அவன் குதிகாலை எக்கினான். அவள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தது.

புள்ளி அவள் விரலுக்கு வந்தது. அதோடு அவன் விரல் நுனியும் வந்தது. வியர்த்து, ஐஸ்போலக் குளிர்ந்த விரல். அவள் சட்டென்று விடவில்லை.

"பிடிச்சுட்டேன்" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

இறங்கியதும் அவன் ஏணியின் அடியிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று மேலேயிருந்து தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரி ஒரு கையால் ஏணியை விடாமல், மறு கையால் அவன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினாள். சட்டை முதுகில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன.

*

புள்ளியை மாட்டி ஒயரை இணைத்து முடிக்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மழை மாதத்துச் சாயங்காலம் அப்படித்தான், சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சுவிட்சைப் போடட்டுமா?" ரொட்டிக்கடைக்காரி உள்ளேயிருந்து கத்தினாள்.

"போடுங்க!"

அடுப்புக்குள் எரிகிற நிறத்தில் எழுத்துகள் எரிந்தன. இளஞ்சூடு. சின்னவளின் கையும் புடவைத் தலைப்பும் ஆரஞ்சாயின. கீழே ஈரத் தெருவில் அதே சொல் தலைகீழாகக் கிடந்து அலைந்தது. போகிற ஒருவர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

இறங்க வேண்டும். ஆனால் இறங்கத் தோன்றவில்லை. முதல் பயம் போனபின் அந்த உயரம் மழை மாதத்து மத்தியானம்போலவே இருந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள்.

இத்தனை வருஷமாக அண்ணாந்து பார்த்த பலகைகள் எல்லாம் அவளுக்குச் சமமாக நின்றன. மருந்துக்கடை. அதற்கப்புறம் கடிகாரக்கடை. அந்த 'டி'யின் மடியில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. முடிவெட்டும் கடைக்கு அவள் கல்யாணமாகி வந்த வருஷம் வரைந்தது. அப்போது அவளுக்கு 'ட்'டைச் சரியாக நிறுத்தத் தெரியாது, லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டன. சரிவில் இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, தெருக்கோடி வரைக்கும் அவர்கள் வீட்டுக் கையெழுத்து.

தெருக்கோடியில் பட்டறை.

அங்கே இன்னும் விளக்குப் போடவில்லை. வாசலில் ஒரு முக்காலி. முக்காலிமேல் ஒரு ஆள். சின்னவள் கண்ணைச் சுருக்கினாள். அந்த முதுகை எந்த இருட்டிலும் அவளுக்கு அடையாளம் தெரியும். பக்கத்து ஊருக்குப் போன பெரியவர்.

அவர் பட்டறையின் சொந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து முதன்முதலில் எழுதிய பலகை. ஊரில் எத்தனையோ பலகைகளை இறக்கியிருக்கிறார்கள், அதை மட்டும் யாரும் தொட்டதில்லை. பெரியவர் கடைசி ஸ்க்ரூவைத் திருகினார். பலகையின் ஒரு முனை சரிந்தது. கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருவர் கையை நீட்டி அந்த முனையைத் தாங்கிக்கொண்டார்.

அக்கா.

தலைவலி என்று சொன்ன அக்கா. நிதானமா வாங்க, அவசரமில்லே என்று சொன்ன அக்கா.

 தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கொண்டுபோவதுபோலப் பலகையை ஆளுக்கொரு பக்கம் ஏந்தி, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து உள்ளே போனார்கள். பலகை இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அதன்பிறகு கதவு சாத்திக்கொண்டது. கடையை ஏறக்கட்டுகிறவர்கள்தான் சொந்தப் பலகையை இப்படி இறக்குவார்கள்.

"மேலே என்ன வேடிக்கை?" என்றான் ஏணிக்காரன் கீழேயிருந்து. எழுந்து நின்று மறுபடி ஏணியைப் பிடித்திருந்தான். அவன் குரலில் நாலு மாதமாகக் காணாமல்போன ஒரு குறும்பு திரும்பியிருந்தது. "நாலு படி ஏறினேன்ல, அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லணும். நாளைக்கு அஞ்சு. வெயில் வரதுக்குள்ள பத்து. என்ன சொல்றே?"

சின்னவள் சட்டத்தில் மாட்டிய கொக்கியின்மேல் கையை வைத்தாள். கழற்றவில்லை.

"இருங்க" என்றாள். "இன்னும் ஒரு நட்டு முடுக்கணும்."

எல்லா நட்டும் முடுக்கியாகிவிட்டிருந்தது.